வெந்த பயறும் வெங்களூரும்

பெங்களூரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "இந்த ஊருக்கு எப்படிப் பெயர் வந்தது?" என்று கேட்டால், கை தூக்காத பிள்ளையைப் பார்ப்பது அரிது. ஹொய்சள மன்னன் வீர வல்லாளன் வேட்டைக்குப் போன இடத்தில் வழி தவறி, இருட்டிய பிறகு ஒரு குடிசை வாசலில் போய் நிற்க, அங்கிருந்த கிழவி தன்னிடம் இருந்த வெந்த பயற்றைக் கொடுத்துப் பசியாற்ற, அந்த நன்றியில் அவன் அந்த இடத்துக்குப் 'பெந்தகாளூரு' என்று பெயரிட்டான் என்பது கதை. தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது இன்னும் இனிக்கும். 'பெந்த' என்பதற்குள் நம்முடைய 'வெந்த' இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அல்சூரில் படித்த காலத்தில், பள்ளி ஆண்டு விழாவில் அந்தக் கிழவியாக வேடம் போட்டு நடித்தவள் நான். இப்போது 28 ஆண்டுகளாகச் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். கிழவியைக் கைவிட எனக்கே பல ஆண்டுகள் பிடித்தன.

கைவிட வைத்தது பேகூர்க் கல். நகரின் தெற்கே, ஓசூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பிப் போனால் வரும் பேகூரில், நாகேசுவரர் கோயில் வளாகத்தில் அது நிற்கிறது. நாம் நடுகல் என்பதைக் கன்னடத்தில் வீரகல்லு என்பார்கள். கங்க மன்னர்களின் காலத்தைச் சேர்ந்த அந்தக் கல் ஏறத்தாழ கி.பி. 890இல் பழைய கன்னடத்தில் பொறிக்கப்பட்டது. நாகத்தரன் என்ற தலைவனைச் சார்ந்த ஒருவன் 'பெங்களூர்'ப் போரில் இறந்ததைச் சொல்வது. கதையில் வரும் இரண்டாம் வல்லாளன் ஆண்டதோ 1173 முதல் 1220 வரை. இந்த ஆண்டுகளைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு நான் பேசாமல் நின்றுவிடுவேன். கணக்கில் தேறாத பையன்கூட இந்தக் கழித்தலைச் செய்துவிடுவான். அரசன் பெயர் வைப்பதற்கு ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது என்பது புரியும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அந்தச் சலசலப்புக்காகத்தான் நான் இந்த வேலையில் நீடித்திருக்கிறேன் என்று சில நாட்களில் தோன்றும்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தச் சலசலப்பு அடங்கியதும் ஒரு மாணவி எழுந்து, "மிஸ், அப்ப கெம்பேகவுடாவும் பொய்யா?" என்று கேட்டாள். நியாயமான சந்தேகம். 1537இல் கெம்பே கவுடர் பெங்களூரை நிறுவினார் என்பது அவள் மனப்பாடம் செய்த வரி. 890இல் போர் நடந்த ஊரை 1537இல் ஒருவர் எப்படி நிறுவ முடியும்? கெம்பே கவுடர் பொய்யில்லை. அவர் மண்கோட்டை எழுப்பினார், பேட்டைகளை வகுத்தார், ஏரிகளை வெட்டினார், ஏற்கெனவே பெயரோடு இருந்த ஒரு சிற்றூரின் பெயரை ஒரு நகரத்துக்குக் கொடுத்தார். சிக்கல் அவரிடம் இல்லை, 'நிறுவினார்' என்ற வினைச்சொல்லில் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்கு ஒரு முழுப் பீரியட் செலவானது. அடுத்த வாரத் தேர்வில் 'பெங்களூரை நிறுவியவர் யார்?' என்ற ஒரு மதிப்பெண் வினா வழக்கம்போல வந்தது. அதே மாணவி வழக்கம்போல 'கெம்பே கவுடர்' என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடைத்தாளில் எதை எழுத வேண்டும், வகுப்பில் எதைக் கேட்க வேண்டும் என்பது அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது.

கர்நாடகப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு வரலாற்றின் முதல் பாடமே சான்றுகளைப் பற்றியதுதான். வைக்க வேண்டிய இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாடத்தை நாங்கள் நடத்தும் விதத்தில், 'சான்றுகள் இரண்டு வகைப்படும். அவை இலக்கியச் சான்றுகள், தொல்பொருள் சான்றுகள்' என்பது ஒரு விடையாக இறுகிவிடுகிறது. பிறகு அந்தந்த வகைக்கு இரண்டிரண்டு எடுத்துக்காட்டுகள். ஜூன் மாதத்தில் அதை முடித்துவிட்டு மார்ச் வரை வேறு பாடங்களுக்குப் போய்விடுகிறோம். அந்தப் பாடங்களில் உள்ள எந்த வரியையும் 'இது எப்படித் தெரியும்?' என்று திரும்பிக் கேட்பதில்லை. சமையல் குறிப்பை மனப்பாடம் செய்துவிட்டு ஆண்டு முழுவதும் கடையில் வாங்கிச் சாப்பிடுவது போன்றது இது. பத்தாம் வகுப்பில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 20 அகமதிப்பீடு. அந்த 20க்கான செயல்திட்டத்தில் பாதியைத் தெருமுனை ஸ்டேஷனரி கடை அச்சிட்ட படங்களும் மீதியை அம்மாக்களும் செய்து முடிப்பது ஊரறிந்த விஷயம். ஒருமுறை ஒரு சார்ட்டில் பேளூர்க் கோயில் என்ற தலைப்பின் கீழே மதுரை மீனாட்சி கோபுரம் ஒட்டப்பட்டிருந்தது. கடையில் அன்றைக்கு அதுதான் மிச்சம் இருந்ததாம்.

பிள்ளைகளை வெளியே அழைத்துப்போகும் துணிச்சல் எனக்கு ஒரு பள்ளி ஆய்வாளரால் வந்தது. அவர் இறந்து நூறாண்டு ஆகப்போகிறது. பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் 1837இல் இந்தப் பெங்களூரில் பிறந்தவர். மைசூர் அரசின் கல்வித்துறையில் பள்ளி ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றியவர். பள்ளிகளைப் பார்க்கப் போன வழியில் கண்ணில் பட்ட கல்வெட்டுகளைப் படிக்கத் தொடங்கி, கடைசியில் மைசூர்த் தொல்லியல் துறையின் தலைவரானார். எபிகிராஃபியா கர்நாட்டிகா என்ற பெருந்தொகுதிகளை வெளியிட்டார். பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளுக்கான ஒன்பதாம் தொகுதி 1905இல் வந்தது. எங்கள் பள்ளிக்கு வரும் ஆய்வாளர்கள் வருகைப் பதிவேட்டையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு அதற்கே நேரம் போதவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தத் தொகுதியைப் புரட்டும் தமிழருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. பெங்களூரைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளில் கணிசமானவை தமிழில் உள்ளன. தொம்லூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. (மதுரைக்காரர்கள் கவனிக்க: இந்தச் சொக்கநாதர் சிவன் இல்லை, பெருமாள்.) அவற்றில் ஊரின் பெயர் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் வருகிறது, இன்று மென்பொருள்காரர்கள் வாடகைக்கு வீடு தேடி அலையும் தொம்லூர் ஒரு காலத்தில் 'பட்டணம்' என்று சொல்லப்பட்ட வணிக ஊர். மடிவாளா சோமேசுவரர் கோயில் சுவர்க் கல்வெட்டுகளில் பழையது 1247ஆம் ஆண்டினது. அங்கே வெப்பூர் என்று வருவது இன்றைய பேகூர். 'வெங்களூர்'ப் பெரிய ஏரிக்குக் கீழுள்ள நிலத்தைக் கொடையாகக் கொடுத்த செய்தியும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. பெருமையாக இருந்தது. கண்டோன்மென்டில் வேலை தேடி வட ஆர்க்காட்டிலிருந்து வந்த தாத்தாவின் பேத்தியாகிய எனக்கு, 'வந்தேறி' என்ற சொல்லைப் பேருந்தில் ஒருமுறை, வாடகை வீட்டு வாசலில் ஒருமுறை கேட்டுப் பழகிய எனக்கு, அந்தக் கல் ஒரு பட்டாவைப் போலத் தெரிந்தது. அந்த உணர்ச்சியோடுதான் முதல் ஆண்டு பிள்ளைகளைத் தொம்லூருக்கு அழைத்துப்போனேன். கோயில் சுவரில் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினேன். தமிழ் படிக்கத் தெரிந்த நான்கைந்து பிள்ளைகளுக்குக் 'க'வும் 'ப'வும் பிடிபட்டதும் உற்சாகம் தாங்கவில்லை. ஒரு பையன் உரக்கச் சொன்னான்: "மிஸ், அப்ப இது நம்ம ஊருதானே! நாமதானே முதல்ல!" எனக்குச் சிரிப்பு வந்தது, மறுக்கவில்லை. திரும்பும் வழியில் கவனித்தேன், முன்வரிசையில் எப்போதும் கேள்வி கேட்டுக்கொண்டே வரும் கன்னடப் பெண் ஒருத்தி ஜன்னலைப் பார்த்தபடி பேசாமல் வந்தாள். மறுநாள் அவளுடைய குறிப்பேட்டில் தொம்லூர்ப் பயணத்துக்கு ஒரே ஒரு வரி இருந்தது: 'நாங்கள் ஒரு கோயிலுக்குப் போனோம்.'

ஒரு வெந்த பயற்றுக் கதையைக் கழித்துவிட்டு இன்னொரு வெந்த பயற்றுக் கதையை நானே பரிமாறியிருக்கிறேன் என்பது அந்த வரியைப் படித்தபோது உறைத்தது. கல்வெட்டின் மொழி, அந்த ஊரில் குடியிருந்த அத்தனை பேரின் தாய்மொழியையும் சொல்லிவிடாது. ஆட்சியில் இருந்தவர்கள், கோயிலில் கணக்கு எழுதியவர்கள், கொடை கொடுத்தவர்கள் எதில் எழுதினார்கள் என்பதை மட்டும் சொல்லும். 1004ஆம் ஆண்டளவில் சோழர்கள் கங்கர்களின் தலைநகரான தலக்காட்டைப் பிடித்துக் கங்கநாட்டை எடுத்துக்கொண்டார்கள். கோலார்ப் பக்கம் நிகரிலிச் சோழ மண்டலம் ஆனது. 1116இல் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் தலக்காட்டை மீட்டான். மீட்ட பிறகு தமிழ் போய்விட்டதா என்றால் இல்லை. திருச்சிக்கு அருகே கண்ணனூரில் இருந்து ஆண்ட ஹொய்சள ராமநாதனின் ஆட்சி இந்தப் பகுதிக்கும் நீண்டிருந்தது. கன்னட அரச குலத்தைச் சேர்ந்த அவன் காலத்துக் கல்வெட்டுகள் இங்கே தமிழில் இருக்கின்றன. அவனிடம் போய் 'நீங்கள் கன்னடரா, தமிழரா?' என்று கேட்டிருந்தால் அந்தக் கேள்வி அவனுக்கு விளங்கியிருக்காது. ஹெப்பாளில் 2018இல் வடிகால் தோண்டியபோது வெளிப்பட்ட, ஏறத்தாழ கி.பி. 750ஐச் சேர்ந்த கிட்டய்யனின் வீரகல்லோ கன்னடத்தில் உள்ளது. ஆக, யார் முதலில் என்ற பந்தயத்தை நடத்தினால்கூட என்னுடைய அந்த மாணவன் தோற்றுவிடுவான். அதைச் சொல்லி அவனைத் தோற்கடிப்பதும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஆண்டு முறையை மாற்றினேன். எந்த மொழி என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, யார், யாருக்கு, எதை, ஏன் கொடுத்தார், அதில் யாருடைய பெயர் இல்லை என்று கேட்க வைத்தேன். பெண்களின் பெயர் எத்தனை, உழுதவர்களின் பெயர் எத்தனை என்று எண்ணச் சொன்னேன். எண்ணுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. மொழிக்கு வந்தபோது ஒரு விளையாட்டாகத் தொடங்கினோம். தமிழில் வகரத்தில் தொடங்கும் சொல் பல இடங்களில் கன்னடத்தில் 'ப' என்ற ஒலிக்கு மாறும்: வேர் என்பது பேரு, வில் என்பது பில்லு, வெள்ளி என்பது பெள்ளி, வா என்பது பா. தமிழ்ப் பிள்ளை ஒரு சொல்லைச் சொல்ல, கன்னடப் பிள்ளை அதற்கு இணையைச் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் கரும்பலகை நிறைந்துவிட்டது. அப்புறம் நான் 'வெங்களூர்' என்று எழுதினேன். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று மூலைகளிலிருந்து 'பெங்களூர்' என்ற குரல் வந்தது. இரண்டு வாய்கள் ஒரே ஊரைக் கூப்பிட்ட இரண்டு விதம்.

அதைவிடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது சாபம். கொடைக்குக் கேடு செய்பவனுக்குக் கல்வெட்டின் கடைசியில் ஒரு சாபம் வைப்பது வழக்கம். தமிழ்க் கல்வெட்டுகளில் அவன் கங்கைக் கரையில் குராற்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று வரும். கன்னடக் கல்வெட்டுகளிலோ வாரணாசியில் கவிலையைக் கொன்ற பாவம் என்று வரும். குராலும் கவிலையும் ஒரே நிறத்துப் பசுதான், ஆறும் ஒன்றுதான். இதைக் கண்டுபிடித்தவள் நான் இல்லை, அன்றைக்குப் பேசாமல் வந்த பெண்ணின் தங்கை. அந்த ஆண்டு அவள் என் வகுப்பில் இருந்தாள். "மிஸ், திட்டுறதுக்கு மட்டும் ரெண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் பாத்து எழுதியிருக்காங்க" என்றாள். அது ஏறக்குறைய சரியான ஆய்வு முடிவு.

இங்கே நிறுத்தியிருந்தால் இது ஒரு வெற்றிக் கதையாகியிருக்கும். ஆனால் 1247 வரை போய்வரத் தெரிந்த எனக்கு 1991க்குப் போகத் தெரியவில்லை. அந்த ஆண்டு காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விடச் சொல்லி இடைக்கால ஆணை பிறப்பித்ததும், அதைத் தொடர்ந்து டிசம்பரில் இந்த நகரில் தமிழர்கள் தாக்கப்பட்டதும் நடந்தன. எனக்கு அப்போது 19 வயது. வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப் பலகையை அப்பா கழற்றி உள்ளே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார். சத்தம் போட்டுப் பேசாதே என்று அம்மா சொன்னாள். அதற்குமேல் எங்கள் வீட்டுக்கு எதுவும் நேரவில்லை. பலருக்கு நேர்ந்தது. அதே ஆண்டு அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட இருந்த திருவள்ளுவர் சிலை திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9 வரை, 18 ஆண்டுகள். அதற்கு நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அந்த 18 ஆண்டுகளில் பெரும்பகுதி நாள்தோறும் அந்த மூட்டையைக் கடந்துதான் பள்ளிக்குப் போனேன். ஒரு முறை, சாரணர் அணிவகுப்புக்காகப் பிள்ளைகளை அந்த வழியே நடத்திக்கொண்டு போனபோது, ஒரு சிறுவன் கேட்டான்: "மிஸ், உள்ள யாரு?" "ஒரு கவிஞர்" என்றேன். "ஏன் கட்டி வெச்சிருக்காங்க?" "வரிசையில நட" என்றேன்.

என் ஆசிரிய வாழ்வில் நான் சொன்ன விடைகளில் இதுதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது. பயமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பயத்தைவிட, எப்படிச் சொல்வது என்று தெரியாமை அதிகம். கல்வெட்டு என்றால் படியெடுக்கலாம், ஆண்டு குறிக்கலாம், இரண்டு கல்லை அருகருகே வைக்கலாம். கட்டிலுக்கு அடியில் வைத்த பெயர்ப் பலகைக்கு என்ன செய்வது? வகுப்பில் 40 பிள்ளைகள்; அன்றைக்குக் கல் எறிந்தவர் யாருடைய பெரியப்பாவோ, கதவடைத்துக் கிடந்தவர் யாருடைய பாட்டியோ.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பில், வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் அவர் கண்ணால் பார்த்த ஒரு நிகழ்ச்சியைக் கேட்டு எழுதி வரச் சொன்னேன். எந்த நிகழ்ச்சி என்று நான் குறிப்பிடவில்லை. பெரும்பாலோர் 1983 உலகக் கோப்பையையும் வீட்டுக்கு முதல் டிவி வந்ததையும் எழுதி வந்தார்கள். இரண்டு பேர் 1991ஐ எழுதினார்கள். ஒருவன் தமிழ்ப் பையன். கடையை ஒரு வாரம் மூடியதாக அவனுடைய பாட்டி சொல்லியிருந்தார், மூன்று நாள் என்று அவனுடைய அப்பா சொல்லியிருந்தார், இரண்டையும் அவன் எழுதியிருந்தான். இன்னொருத்தி மண்டியா மாவட்டத்திலிருந்து வந்த குடும்பத்தின் பெண்; அந்த ஆண்டு கால்வாயில் தண்ணீர் வருமா வராதா என்று அவளுடைய தாத்தா இரவெல்லாம் வரப்பில் உட்கார்ந்திருந்ததை எழுதியிருந்தாள். இருவரையும் அருகருகே உட்காரவைத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கச் சொன்னேன். தொம்லூர்க் கல்லுக்கும் பேகூர்க் கல்லுக்கும் செய்ததைத்தான் செய்தேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. படித்து முடித்ததும் பையன், "உங்க தாத்தா எவ்வளவு நிலம் வெச்சிருந்தாரு?" என்று கேட்டான். அவள், "கடையில என்ன விப்பீங்க?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. அகமதிப்பீட்டுப் படிவத்தில் இதற்கான கட்டம் இல்லாததால் 'விளக்கக்காட்சி' என்ற கட்டத்தில் இருவருக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.

இவையெல்லாம் ஆண்டுக்கு ஐந்தாறு பீரியட்களில் நடப்பவை. மீதி நாட்களில் நானும் மற்றவர்களைப் போலவே பாடத்தை முடிக்க ஓடுகிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறேன். வரைபடத்தில் நதியை நீல நிறத்தில் வரையாதவனைக் கடிந்துகொள்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை, "கல்லு, கோயில்லாம் சரி மேடம், பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டபோது, வராது என்று உண்மையைத்தான் சொன்னேன்.

இந்த ஜனவரியில் பேகூருக்கும் மடிவாளாவுக்கும் ஒரே நாளில் போய்வர ஏற்பாடு செய்திருக்கிறேன். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்ட வேண்டும் என்பதால் காலை ஏழு மணிக்கே வண்டி கிளம்பும். 43 ஒப்புதல் சீட்டுகளில் 42 வந்துவிட்டன. ஒன்றில் மட்டும் கையொப்பத்துக்கு மேலே ஒரு பெற்றோர் கன்னடத்தில் கேட்டிருக்கிறார்: 'பிள்ளைகள் பார்க்கப்போவது தமிழ்க் கல்வெட்டா, கன்னடக் கல்வெட்டா?' எழுதியவரின் பெயரை வைத்து அவர் எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் உண்டு என்று அதன் கீழேயே கன்னடத்தில் எழுதினேன். தண்ணீர் பாட்டிலும் மதியச் சாப்பாடும் கட்டிக் கொடுத்தனுப்புமாறு அடுத்த வரியில் சேர்த்து, சீட்டைப் பையனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.